கையெழுத்துக்கு முன்னால் ஒரு வீடு

மூன்று வயது முடிவதற்குள் எங்கள் மகளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஆற்றோரமாக ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அத்தாப்பு ஓலைக் கூரை, மண் தரை. மழை பெய்தால் தரை கசியும். மழை விட்ட பிறகும் ஈரம் போகாது. பிள்ளையைப் படுக்கவைத்தால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் சத்தம் கேட்கும். என் தோளில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டால்தான் கண்ணை மூடுவாள். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்தைக் கலக்கிக் கையில் கொடுத்துவிட்டு, "மருந்து கெடக்கட்டும்மா. மொதல்ல அந்த ஈரத்த விட்டு வெளிய வாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிராணி. கணக்கெழுதும் உத்தியோகம். குவார்ட்டர்ஸ் கேட்டு வைத்திருந்தார், முறை வருவதாகத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் மேட்டுப் பக்கம் ஒரு வீடு விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். போய்ப் பார்த்தோம். செங்கல் கால்களின்மேல் ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் நின்ற பலகை வீடு. தகரக் கூரை. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை, அதை ஒட்டி சமையல்கட்டு. கூடத்தில் இரண்டு ஜன்னல்கள். நான் ஜன்னலைத் திறந்ததும் காற்று உள்ளே வந்தது. பிள்ளை பலகைத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுச் சிரித்தாள். எனக்கு அங்கேயே மனசு முடிவாகிவிட்டது.

வீட்டுக்குச் சொந்தக்காரரை ஊரே 'வண்டிக்காரர்' என்றுதான் சொல்லும். ஸ்டேஷனில் இறங்கும் அரிசி மூட்டை, மரம், செங்கல் எல்லாம் அவருடைய மாட்டு வண்டிகளில்தான் போகும். அவரும் அவர் மனைவியும் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஆற்றோரத்திலேயே இருந்தார்கள். மேட்டு வீட்டைத் தம்பிக்கென்று கட்டினார். தம்பி, ரப்பர் தோட்டத்துப் பக்கம் வேலை பார்க்கப் போகிறேன், வீட்டை விற்றுவிடுங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, கல்யாணம் செய்துகொள்ள நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டான்.

அதில்தான் சிக்கல். நிலப் பத்திரத்தை நாங்கள் கிராண்டு என்போம். அந்த கிராண்டில் அண்ணன் தம்பி இருவர் பேரும் இருந்தது. இரண்டு பேரும் லேண்ட் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் வீடு எங்கள் பேருக்கு மாறும். முன்பணம் கொடுத்து, வெற்றிலை மாற்றி, பேச்சை முடித்துக்கொண்டோம். தம்பி திரும்பி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிள்ளைக்குக் காத்திருக்க முடியவில்லை. இன்னொரு மழைக்காலம் அந்த மண் தரையில் என்றால் அவள் தாங்கமாட்டாள் என்று பட்டது. "சாவிய மட்டும் முன்னாடியே கேட்டுப் பாருங்களேன்" என்று வீட்டுக்காரரை நச்சரித்தேன். அவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்கிற ஆளில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று காலையில் குளிக்கும்போதே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவார்; அங்கே போனதும் பாதியில் நிறுத்திவிடுவார். அன்றும் அப்படித்தான் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"கையெழுத்து ஆகாம சாவி கொடுத்தா, வீட்ட மறந்துட வேண்டியதுதான்னாரு. முன்னாடி வேற ஒரு வீட்ட ஒருத்தனுக்கு அப்படிக் கொடுத்து, அவன் வாங்கவும் இல்ல, காலி பண்ணவும் இல்லயாம்."

நான் மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்காரரின் மனைவியைப் பார்க்கப் போனேன். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பருத்திக்கொட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினார். அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். அவர் புருஷன் உள்ளே வந்ததும் என் எதிரிலேயே கேட்டார்.

"மேட்டு வீட்டப் பூட்டி வெச்சு யாருக்குக் கொடுக்கறோம்? கரையானுக்கா?"

"கரையான் வந்தா மண்ணெண்ணெ ஊத்தலாம். ஆள் வந்து ஒக்காந்தா என்னத்த ஊத்தறது?"

"இந்தப் புள்ளய ஒரு தடவ தூக்கிப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

அவர் தூக்கவில்லை. ஆனால் சிறிது நேரம் பிள்ளை மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து நிபந்தனைகளை அடுக்கினார். பகலில் மட்டும் இருக்கலாம். பெருக்கலாம், வெள்ளையடிக்கலாம். சாமான்களைப் பின்னறையில் வைத்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்ததும் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். ராத்தங்கல் கூடாது.

"அடுப்பு மூட்டக் கூடாது. முக்கியமா பால் காய்ச்சக் கூடாது. பால் காய்ச்சிட்டா வீடு உங்களதுன்னு ஆயிடும். அதுக்கப்புறம் நான் வெளிய போன்னு சொன்னா, பாவம் எனக்கு வந்து சேரும். புரியுதா கிராணியம்மா?"

"புரியுதுண்ணே" என்றேன். அந்த நேரத்தில் தலைகீழாக நில் என்றாலும் நின்றிருப்பேன்.

அதிலிருந்து தினமும் வீட்டுக்காரரை வேலைக்கு அனுப்பிவிட்டு, சோற்றைத் தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு, பிள்ளையோடு மேட்டுக்குப் போய்விடுவேன். பிள்ளையை ஜன்னலடியில் பாய் போட்டுத் தூங்கவைப்பேன். அவள் நீட்டிப் படுத்து, சத்தமில்லாமல் தூங்குவதைப் பார்ப்பதற்கே எனக்கு நேரம் போதாது. மற்ற நேரத்தில் ஒட்டடை அடித்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினேன். சமையல்கட்டுப் பலகையில் கரையான் தின்ற இடத்தை வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிக் கொடுத்தார். குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் ஒரு பெண் கேட்டாள்: "கிராண்டு கைக்கு வராத வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறியே, நாளைக்கு அவங்க இல்லன்னுட்டா?" எனக்கும் அந்த பயம் இருந்தது. ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்கக் கை கேட்கவில்லை.

சாயங்காலம் வண்டிக்காரர் வருவார். நேரே சமையல்கட்டுக்குப் போய், அடுப்புக் குழிக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். சாம்பல் இல்லை என்றதும் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாவிக்காகக் கையை நீட்டுவார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. போகப்போக, அவர் வருவதற்கு முன்னால் நானே அடுப்பைத் துடைத்துப் பளிச்சென்று வைக்க ஆரம்பித்தேன்.

தம்பி ஏறிய கப்பல் பினாங்குக்கு வந்துவிட்டது என்று சேதி வந்தது. பிறகு, கப்பலில் யாருக்கோ அம்மை கண்டதால் நோய் பரவாமலிருக்க எல்லாரையும் பக்கத்துத் தீவு முகாமில் இறக்கி வைத்துவிட்டார்கள் என்று வந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

இடைவிடாத மழை. ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஒரு நாள் காலையில் கீழ் வீட்டு மண் தரை கால் வைத்தால் பிசுக்கென்று உள்வாங்கியது. மிச்சமிருந்த துணிமணி, அரிசிப் பானை, சாமி படம் எல்லாவற்றையும் ஒரு ரிக்சாவில் ஏற்றி, வண்டிக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டேன். வந்து பிள்ளைக்குத் துணி மாற்றி முடிக்கவில்லை, கீழேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது. ஒரு மலாய்க்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு "பாஞ்சிர்! பாஞ்சிர்!" என்று கத்தியபடி ஏறி வந்தார். வெள்ளம் என்று அதற்கு அர்த்தம். ஜன்னலில் நின்று பார்த்தேன். தெரு இருந்த இடத்தில் தண்ணீர் மினுங்கியது. எங்கள் வரிசை வீட்டின் அத்தாப்புக் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல் யாரோ ஒரு கோழிக் கூடையை வைத்திருந்தார்கள்.

நாங்கள் அங்கே இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். பிள்ளையை இறுக்கிக்கொண்டு, நாங்கள் அங்கே இல்லை, அங்கே இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். பிறகுதான் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்து, வாசற்படிக்கு ஓடி ஸ்டேஷன் பக்கம் பார்த்தேன்.

நண்பகல் தாண்டி அவர் வந்தார். இடுப்பளவு சேறு. தலைக்குமேல் தன் செருப்பையும் சாப்பாட்டுச் சட்டியையும் தூக்கிப் பிடித்திருந்தார். சரக்குக் கொட்டகை மேடையில் ஏறி நின்று, தண்ணீர் கொஞ்சம் வேகம் குறைந்ததும் தண்டவாளத்தைப் பிடித்தே நடந்து வந்தாராம். "கீழ போய்ப் பாத்தேன். வீட்டக் காணல" என்றார். பிறகு என்னையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, மேட்டுப் பாதையில் மாடுகள் வருவது தெரிந்தது. முன்னால் வண்டிக்காரர் ஒரு ஜோடியைப் பிடித்து இழுத்து வந்தார். அவருடைய ஆட்கள் மற்றவற்றை ஓட்டி வந்தார்கள். அக்கா ஒரு மூட்டையைத் தலையில் வைத்து, கடைசியில் வழுக்கி வழுக்கி ஏறி வந்தார். மாடுகளை வீட்டுக்கு அடியில், செங்கல் கால்களுக்கு நடுவே, குனிய வைத்துக் கட்டினார்கள். வண்டிகள் போயின. கொட்டகை போயிற்று. ஆட்கள் ஸ்டேஷன் பக்கம் இடம் தேடிப் போய்விட்டார்கள்.

வண்டிக்காரர் படியில் ஒரு கால் வைத்தார். மேலே ஏறவில்லை. முண்டாசை அவிழ்த்துப் பிழிந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கிராணியம்மா, உள்ள வரலாமா?"

அவர் வீடு. அவர் என்னிடம் கேட்கிறார். "வாங்கண்ணே, என்ன கேள்வி இது, வாங்க" என்று என் வீட்டுக்காரர்தான் எழுந்து அவர் கையைப் பிடித்து மேலே ஏற்றினார்.

அக்கா வந்ததும் வராததுமாகச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். "புள்ளைக்குக் குளுருது, எல்லாரும் வெறச்சுப் போயிருக்கோம். அடுப்ப மூட்டு தங்கச்சி" என்றார். நான் அசையாமல் நின்றேன். என் கண் தானாக வண்டிக்காரர் பக்கம் போனது. அவரும் அதைக் கவனித்துவிட்டார். கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "மூட்டும்மா" என்றார்.

"புள்ளைக்குக் கொடுக்க என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"டின் பாலு இருக்குக்கா."

"டின் பாலும் பால்தான். காய்ச்சு."

பழைய பலகைத் துண்டுகளைப் பிளந்து அடுப்பு மூட்டினோம். டின் பாலைத் தண்ணீரில் கரைத்துச் சட்டியில் ஊற்றினேன். அது நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது. எடுக்கப்போன என் கையை அக்கா தடுத்து, நன்றாகப் பொங்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு இறக்கினார். முதல் குவளையைப் பிள்ளைக்குக் கொடுத்தோம். இரண்டாவதை வண்டிக்காரருக்குக் கொடுத்தோம். அவர் வாங்கிக் குடித்தார்.

தண்ணீர் வடிய நாளாயிற்று. வடிந்த பிறகு ஆற்றோரத்தில் சேற்றைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. கூடத்தில் அவர்களும், பின்னறையில் நாங்களுமாக இருந்தோம். சமையல் ஒன்றாகத்தான். அக்கா நல்லவர். ஆனால் இது அவர்கள் கட்டிய வீடு. எந்தப் பலகை கிறீச்சிடும், எந்த ஜன்னலில் சாரல் அடிக்கும் என்று எல்லாம் தெரியும். நான் வைத்த உப்பு ஜாடியை இடம் மாற்றினார். அவர்கள் சாமி படத்தைக் கூடத்தில் மாட்டினார். ஒரு நாள் வண்டிக்காரர் சுவரில் ஆணி அடித்துச் சட்டையைத் தொங்கவிட்டார். நான் சுண்ணாம்பு பூசிய சுவர். அவருக்கு இப்போது வேறு வீடில்லை. கையெழுத்து ஆகவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றால் யார் என்ன சொல்ல முடியும்? அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர். அவரே கேட்கிறேன் என்று சொன்னதிலிருந்தே அவர் பயம் எனக்குப் புரிந்தது.

"வேணாம். கேட்டா அவரு பதில் சொல்ல வேண்டி வரும்."

தம்பி ஒரு வழியாக வந்து சேர்ந்தான். புதுப் பெண்டாட்டியோடு ரயிலில் வந்து இறங்கி, வெள்ளம் போன இடத்தையெல்லாம் பார்த்துவிட்டு மேட்டுக்கு வந்தான். வாட்டசாட்டமான ஆள். தீவில் அடைத்து வைத்திருந்ததில் மெலிந்து போயிருந்தான். சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவும்போதே பேச்சை எடுத்தான். நானும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தோம். எங்களை வைத்துக்கொண்டேதான் பேசினான்.

"அண்ணே, ஆத்தோரத்துல ஒரு கம்பு கூட நிக்கல. இந்த வீட்ட எதுக்கு விக்கணும்? அப்ப விக்கச் சொன்னேன், இப்ப நெலம வேற. இன்னும் கையெழுத்துப் போடலியே."

"போடலதான்" என்றார் வண்டிக்காரர்.

என் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். என் கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அக்கா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"நானும் அப்படி நெனச்சேன்டா. பொய் சொல்லக் கூடாது. ரெண்டு நாளு தூங்காம நெனச்சேன். ஆனா, தண்ணியோட வந்து அந்தப் படியில நின்னேன் பாரு, அப்ப உள்ள வரலாமான்னு இந்தம்மாவக் கேட்டேன். எதுக்குக் கேட்டேன்? என் வீடுன்னு நெனச்சிருந்தா கேப்பனா? எனக்கே தெரியாம வாய் கேட்டுருச்சு. அப்பவே வித்தாச்சு. இனிமே ஆபீஸ்ல போடறது சும்மா மை."

"அப்ப நாம எங்க இருக்கறது?"

"கிள்ளான்ல ஒரு மேட்டு எடம் பாத்து வெச்சிருக்கேன். ரப்பர்ப் பாளம் தோட்டத்துலேருந்து தொறமுகத்துக்குப் போகுது, வண்டி பத்தல. மாடு கட்ட எடம் இருக்கு. இங்க மாட்ட எங்க கட்டறது? இந்த வீட்டுக்கு அடியில நின்னு நின்னு அதுங்க முதுகு வளஞ்சு போச்சு."

தம்பி கீழே குனிந்து, பலகை இடுக்கு வழியாக மாடுகளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "சரிண்ணே. ஒங்க இஷ்டம்." அவ்வளவுதான். நான் சமையல்கட்டுக்குப் போய், சொம்பை வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அக்கா பின்னாலேயே வந்து, "எதுக்கும்மா இப்ப?" என்றார். "ஒண்ணுமில்லக்கா, பொகை" என்றேன். அடுப்பு எரியவில்லை.

லேண்ட் ஆபீசுக்கு எல்லாருமாகப் போனோம். தம்பி கையெழுத்துப் போட்டான். வண்டிக்காரர் கைநாட்டு வைத்தார். வைத்த விரலை வெகு நேரம் துணியில் தேய்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வாயே மூடவில்லை. மழையைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார், வழியில் கண்ட சீனர் கடைப் பலகைகளைப் பற்றியெல்லாம் பேசினார். கேட்டுக்கொண்டே வந்த வண்டிக்காரர் என் பக்கம் திரும்பி, "கிராணிக்கு இவ்வளவு பேசத் தெரியுமா?" என்று கேட்டார்.

கிள்ளானில் கொட்டகைக்குக் கூரை போட்டு முடியவில்லை. அதுவரை அவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். இருக்கலாமா என்று அவர்களும் கேட்கவில்லை, இருங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் எனக்கு அக்காவோடு மனசு விட்டுப் பேச முடிந்தது. உப்பு ஜாடி அவர் வைத்த இடத்தில் இருப்பதே வசதி என்று தெரிந்துகொண்டேன். பிள்ளை வண்டிக்காரர் மடியில் ஏறி உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுப்பாள். அவர் வலிக்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவர்கள் கிளம்பிய அன்று வெயில் நன்றாக அடித்தது. புது வண்டிகள் கிள்ளான் ரோட்டில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். கூடம் காலியாக இருந்தது. இரண்டு ஜன்னலையும் கதவையும் திறந்தே போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்தேன். சும்மா ஒரு நிமிஷம் என்றுதான் படுத்தேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"சமையல் ஆகலியா?" என்றார்.

"ஆகல."

"சரி" என்று சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, அவரும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.